85 மி.மீ., எஃப்/1.8: முகத்துக்கும் மேடைக்கும் ஒரு பழைய லென்ஸ்

கேனான் நிறுவனம் 1992-இல் வெளியிட்ட இஎஃப் 85 மி.மீ. எஃப்/1.8 யூஎஸ்எம் லென்ஸை, மிரர்லெஸ் (உள்ளே பிரதிபலிப்புக் கண்ணாடி இல்லாத) கேமராக்கள் பெருகிவிட்ட இக்காலத்திலும் காசு கொடுத்து வாங்கலாமா என்று கேட்பவர்களுக்கு, நடன மேடையையும் மனித முகங்களையும் படமெடுப்பவர் என்றால் தயங்காமல் வாங்கலாம் என்பதே என் விடை. ஆனால் பெரும்பாலோர் இதை வாங்கச் சொல்லும் காரணம் பின்னணியை வெண்ணெய்போலக் கரைத்துத் தரும் என்பது. எனக்கோ அது இந்த லென்ஸின் இரண்டாம் சிறப்பாகவே படுகிறது. எஃப்/1.8 என்ற அகலமான அப்பர்ச்சர் (ஒளி நுழையும் துளை; எஃப் எண் குறையக் குறையத் துளை பெரிதாகும்) முதலில் வாங்கித் தருவது ஷட்டர் வேகத்தை, அதாவது படம் பதியும் நேரத்தைச் சுருக்கும் வசதியை. மற்றதெல்லாம் அதற்குப் பிறகுதான்.

கேமராவோடு சேர்ந்து வரும் 18-55 கிட் லென்ஸ் 55 மி.மீ.க்குச் சென்றதும் எஃப்/5.6 ஆகச் சுருங்கிவிடுகிறது. அதோடு ஒப்பிட்டால் எஃப்/1.8 ஏறத்தாழ பத்து மடங்கு வெளிச்சத்தை உள்ளே விடுகிறது. ஃபிளாஷ் அனுமதிக்கப்படாத ஒரு சபா அரங்கில் பரதநாட்டியம் நடக்கிறது என்று வைத்துக்கொள்வோம். ஜதியின் இறுதியில் தீர்மானம் என்ற முடிப்பு வரும்போது கையும் காலும் வீசும் வேகத்தை 1/125 நொடியில் நிறுத்த முடியாது. முகம் தெளிவாக இருந்தாலும் முத்திரை பிடித்த விரல்கள் புகைபோல இழுபட்டு நிற்கும். 1/400 அல்லது 1/500 வேண்டும். அந்த வேகத்தில் எஃப்/2-க்கு ஐஎஸ்ஓ (ஒளியுணர்வு அளவு) 1600 போதும் என்ற அளவுக்கு மேடையில் விளக்கு இருந்தால், அதே படத்தை எஃப்/5.6-இல் எடுக்க ஐஎஸ்ஓ 12,800 வரை ஏற்ற வேண்டியிருக்கும். பழைய கிராப் சென்சார் (35 மி.மீ. ஃபிலிமைவிடச் சிறிய சென்சார்) கேமராக்களில் அந்த ஐஎஸ்ஓவுக்குப் போனால் பட்டுப் புடவையின் ஜரிகை வேலைப்பாடெல்லாம் நாய்ஸ் என்னும் புள்ளிப்புள்ளியான இரைச்சலில் கரைந்து வெறும் மஞ்சள் பட்டையாகிவிடும்.

மேடையில் இந்த லென்ஸை அஞ்சாமல் திறந்து வைத்துப் படமெடுக்கலாம் என்பதற்கு இன்னொரு காரணமும் உண்டு. கிராப் சென்சார் கேமராவைச் செங்குத்தாகப் பிடித்தால் ஏழெட்டு மீட்டர் தொலைவில் ஆடுபவரின் முழு உருவமும் சட்டத்துக்குள் அடங்கும். அந்தத் தொலைவில் எஃப்/2-இல்கூட கூர்மையாக விழும் ஆழம் ஏறத்தாழ அரை மீட்டர் இருக்கும். ஆகவே நீட்டிய கையும் முகமும் ஒருசேரத் தெளிவாக அமைய வாய்ப்பு அதிகம். பின்னால் தொங்கும் திரையும் ஓரத்தில் நிற்கும் ஒலிபெருக்கியும் ஓரளவு மங்கிவிடும்.

முகத்தை நெருங்கினால் கதை மாறிவிடுகிறது. இரண்டு மீட்டர் தொலைவில், அதே கிராப் கேமராவில், எஃப்/1.8-இல் கிடைக்கும் ஆழம் நான்கு சென்டிமீட்டருக்கும் குறைவு. முகத்தைச் சற்றே திருப்பி அமர்ந்திருப்பவரின் அருகிலுள்ள கண் கூர்மையாகவும் மற்றக் கண் மங்கலாகவும் போய்விடும். எஃப்/2.8-க்குச் சுருக்கினால் அது ஆறு சென்டிமீட்டர் அளவுக்கு வருகிறது. இரு கண்களும் மூக்கு நுனியும் அடங்க அது பெரும்பாலும் போதுமானது, பின்னணியும் பிரிந்தே நிற்கும். எஃப்/1.8 லென்ஸை வாங்கிவிட்டு எஃப்/2.8-இல் எடுப்பதா என்று சிலர் முகம் சுளிக்கிறார்கள். லென்ஸில் எழுதியிருக்கும் எண் அதன் எல்லையைத்தான் சொல்கிறது. ஒவ்வொரு படத்தையும் அந்த எல்லையில் நின்றே எடுக்க வேண்டும் என்ற கட்டாயம் ஒன்றும் இல்லை.

இந்த லென்ஸின் உண்மையான பலம் அதன் ஆட்டோ ஃபோகஸ். வளைய வடிவ யூஎஸ்எம் மோட்டார் சத்தமில்லாமல், தேடித் தடுமாறாமல் போய் நிற்கிறது. மங்கிய விளக்கில் இதைவிட விலையுயர்ந்த சில லென்ஸ்கள் தயங்கும் இடத்தில் இது தயங்குவதில்லை. ஸ்விட்சை மாற்றாமலே வளையத்தைக் கையால் திருப்பிச் சரிசெய்துகொள்ளலாம் என்பது பழகியபின் விட முடியாத வசதி. டிஎஸ்எல்ஆரில் (கண்ணாடி உள்ள கேமராவில்) ஃபோகஸ் சற்றே முன்னோ பின்னோ விழும் சிக்கல் எல்லா அகல அப்பர்ச்சர் லென்ஸ்களுக்கும் உள்ளதுதான். இந்தப் பிசகைக் கேமராவிலேயே சரிசெய்யும் மைக்ரோ அட்ஜஸ்ட்மெண்ட் வசதி இல்லாத கேமரா என்றால் வாங்குமுன் உங்கள் கேமராவிலேயே மாட்டிச் சோதித்துக்கொள்ள வேண்டும். ஈஓஎஸ் ஆர் வரிசை மிரர்லெஸ் கேமராவில் அடாப்டர் வழியாக மாட்டினால், ஃபோகஸ் சென்சாரிலேயே அளக்கப்படுவதாலும், கண்ணைக் கண்டறியும் வசதி இந்தப் பழைய லென்ஸோடும் ஒத்துழைப்பதாலும், அந்தத் தொல்லை பெருமளவு நீங்கிவிடுகிறது. முப்பது ஆண்டுகளுக்கு முந்தைய லென்ஸுக்கு இப்படியொரு மறுவாழ்வு கிடைத்திருப்பது மகிழ்ச்சிக்குரியது.

குறைகளில் முதலிடம் ஊதா விளிம்புக்கு. முழுக்கத் திறந்த நிலையில், இருண்ட பின்னணியில் பளிச்சிடும் எதைச் சுற்றியும் ஓர் ஊதாக் கோடு படிகிறது. நெற்றிச்சுட்டியின் கல், ஒட்டியாணத்தின் விளிம்பு, மிருதங்க வித்துவானின் வெள்ளை ஜிப்பாத் தோள் ஆகியவை இதற்கு நல்ல எடுத்துக்காட்டுகள். ஃபோகஸ் தளத்துக்கு முன்னால் ஊதாவாகவும் பின்னால் பச்சையாகவும் தோன்றும் இந்த நிறப்பிழை எஃப்/2.8-இல் பெரும்பாலும் அடங்கிவிடுகிறது. எடிட்டிங்கில் நீக்கவும் முடியும். ஆனால் மென்பொருளுக்கு லென்ஸின் ஊதாவுக்கும் புடவைக் கரையின் ஊதாவுக்கும் வேறுபாடு தெரியாது என்பதால், படம் முழுவதற்கும் ஒரேயடியாகத் திருத்தத்தைப் போடாமல் அந்தந்த இடத்தில் மட்டும் தூரிகையால் தடவுவது நல்லது.

அடுத்தது, 85 சென்டிமீட்டருக்குள் இதனால் ஃபோகஸ் செய்ய முடியாது. மருதாணி இட்ட உள்ளங்கை, ஜிமிக்கி, தாலி போன்ற நெருக்கமான படங்களுக்கு இது உதவாது. அப்பர்ச்சர் இதழ்கள் எட்டு, எஃப்/2.8-க்குச் சுருக்கினால் பின்னணியிலுள்ள சீரியல் பல்புகள் வட்டமாக இல்லாமல் எண்கோணமாகத் தெரியத் தொடங்கும். நடுக்கத் தடுப்பு கிடையாது. கிராப் கேமராவில் கையில் பிடித்து எடுக்க 1/160-க்குக் கீழே போகாதிருப்பது பாதுகாப்பு. பக்க ஒளியைத் தடுக்கும் ஹுட்டைத் தனியாக வாங்க வேண்டும்.

இனி, பலரும் கேட்பது கேனானின் 50 மி.மீ. எஃப்/1.8 எஸ்டிஎம் லென்ஸைப் பற்றி. 2015-இல் வந்த அந்த லென்ஸ் 160 கிராம்தான். விலையும் இதில் மூன்றில் ஒரு பங்குக்குள் அடங்கிவிடும். எஃப் எண்ணில் இரண்டும் ஒன்றே. எனவே பணத்தை மட்டும் பார்த்து முடிவெடுக்காமல், நீங்கள் படமெடுக்கும் அறையை அளந்து பார்க்கச் சொல்வேன். கிராப் கேமராவில் 85 மி.மீ.யை மாட்டி ஒருவரை முழு உருவமாக எடுக்க ஏழு மீட்டர் பின்வாங்க வேண்டும். நம் வீட்டு வரவேற்பறைகளில் அதற்குள் சுவர் முதுகில் இடித்துவிடும். 50 மி.மீ.க்கு நான்கு மீட்டர் போதும். குழந்தைகளையும் வீட்டு விசேஷங்களையும் எடுப்பவர்கள் 50-ஐ வாங்கிக்கொண்டு மீதிப் பணத்தைச் சேமிக்கலாம். ஃபுல் ஃபிரேம் (35 மி.மீ. ஃபிலிம் அளவு சென்சார்) கேமரா வைத்திருப்பவருக்கோ 85 மி.மீ. ஒன்றரை மீட்டரிலேயே தலையும் தோளுமாக அழகாக அமைந்துவிடும். அந்தச் சட்டத்துக்கு 50 மி.மீ.யோடு நெருங்கினால் மூக்கு பெரிதாகவும் காது சிறிதாகவும் தோன்றத் தொடங்கும். அதற்குக் காரணம் லென்ஸ் அல்ல, நீங்கள் நெருங்கி நிற்கும் தொலைவு.

மேல்தட்டு லென்ஸ்களைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். 85 மி.மீ. எஃப்/1.2 எல் II, எஃப்/1.8-ஐவிட இரண்டேகால் மடங்கு வெளிச்சம் தரும். ஒரு கிலோவுக்கு மேல் எடையும் நிதானமாக நகரும் ஃபோகஸும் அதோடு வரும். ஆடிக்கொண்டே இருப்பவரை எடுக்க அதை நான் பரிந்துரைக்க மாட்டேன். 2017-இல் வந்த எஃப்/1.4 எல் ஐஎஸ் தொழில்முறைக் கல்யாணப் புகைப்படக்காரருக்கு ஏற்றது, வருமானம் அந்த விலையைத் தாங்குமானால். மிரர்லெஸ் கேமராக்களுக்கான ஆர்எஃப் 85 மி.மீ. எஃப்/2 மேக்ரோ, நடுக்கத் தடுப்போடும் பொருள் அதன் பாதி அளவுக்குச் சென்சாரில் பதியும் நெருக்கத்தோடும் வருவதால் அசையாத முகங்களுக்கும் நகைகளுக்கும் மிகச் சிறந்தது. மேடையின் வேகத்துக்கு அதன் ஃபோகஸ் சற்று மந்தம். நிக்கான் பயன்படுத்துவோர் 85 மி.மீ. எஃப்/1.8ஜி-யைக் கண்ணை மூடிக்கொண்டு வாங்கலாம். பழைய எஃப்/1.8டி மலிவாகக் கிடைக்கிறதே என்று மட்டும் பாய வேண்டாம். டி3000, டி5000 வரிசைக் கேமராக்களுக்குள் மோட்டார் இல்லாததால் அதில் ஆட்டோ ஃபோகஸ் வேலை செய்யாது.

இந்த 85 எஃப்/1.8 செகண்ட் ஹேண்டில் ஏராளமாகப் புழங்குகிறது. வாங்கும்போது பின்மூடியைக் கழற்றி, செல்போன் டார்ச்சைப் பின்புறத்திலிருந்து சாய்வாக அடித்து, முன்னிருந்து பாருங்கள்; இதன் அப்பர்ச்சர் மின்னணு முறையில் இயங்குவதால், கேமராவில் மாட்டாதபோது முழுக்கத் திறந்தே இருக்கும். ஓரிரு தூசித் துகள்கள் தெரிந்தால் கவலையில்லை. சிலந்தி நூல்போலக் கிளைத்து ஓடும் இழைகள் தெரிந்தால் அது பூஞ்சை. விலையை எவ்வளவு குறைத்துக் கொடுத்தாலும் வேண்டாம் என்று திருப்பிக் கொடுத்துவிடுங்கள். பிறகு கேமராவில் மாட்டி, அருகிலும் தொலைவிலும் மாறி மாறி ஃபோகஸ் செய்து, மோட்டார் எங்காவது கீச்சிடுகிறதா அல்லது பாதியில் நின்றுவிடுகிறதா என்று கவனியுங்கள். வீட்டுக்கு வந்தபின், குறிப்பாக ஐப்பசி, கார்த்திகை மழைக்காலத்தில், தோல் பையில் போட்டு அலமாரியில் வைக்காமல், காற்றுப் புகாத டப்பாவில் சிலிக்கா ஜெல்லோடு வைத்து, ஈரப்பதமானி 40 முதல் 50 விழுக்காட்டுக்குள் காட்டும்படி பார்த்துக்கொண்டால் போதும்.