அப்பாவின் பார்க்கின்சனுக்கு வீடியோவில் பிசியோ: வட்டக்கச்சியிலிருந்து ஒரு மதிப்பீடு

உடம்பு நடுங்கி, இறுகி, அசைவு மெதுவாகும் பார்க்கின்சன் வருத்தம் வந்தவர்களுக்கு வீட்டிலேயே உடற்பயிற்சி. யாழ்ப்பாணத்தில் இருக்கும் பிசியோ வீடியோ அழைப்பில் பார்த்துத் திருத்துவார். கிழமைக்கு மூன்று நாள், ஒரு வகுப்பு 40 நிமிடம். அப்பாவுக்காக இந்தச் சேவையை எடுத்திருக்கிறோம். கனடாவிலும் சுவிஸிலும் இருந்துகொண்டு ஊரிலுள்ள தாய் தகப்பனுக்கு இதைப் பதியலாமா என்று சொந்தக்காரர் கேட்கிறார்கள். அவர்களுக்காகத்தான் எழுதுகிறேன்.

கிளிநொச்சிப் பக்கம் வட்டக்கச்சியில் இருக்கும் எங்கள் வீட்டிலிருந்து யாழ்ப்பாணம் 60 கிலோமீற்றருக்கு மேல். குளிசையைப் போட்டுவிட்டு, பஸ் பிடித்து, வரிசையில் காத்திருந்து பிசியோவுக்கு முன்னால் போய் நிற்கும்போது மருந்தின் வேலை முடிந்துவிடும். கால் எழும்பாது, கை மடங்காது, களைப்பு வேறு. வீட்டு வகுப்பில் அந்தப் பிரச்சினை இல்லை. அப்பா இரண்டரைக்கு லெவோடோபா என்ற பார்க்கின்சன் குளிசையைப் போடுவார், மூன்றரைக்கு வகுப்பு. உடம்பு இளகி இருக்கும் நேரம் அது. நானும் பள்ளிக்கூடம் முடிந்து வந்திருப்பேன்.

எனக்கு மிகவும் பிடித்தது முதல் வகுப்பு. பயிற்சி ஒன்றுமே சொல்லித் தரவில்லை. "தங்கச்சி, போனைத் திருப்பி வீட்டைக் காட்டுங்கோ" என்றார் அந்தப் பிசியோ அக்கா. விறாந்தை, அறை வாசல், குசினிப் படி, கிணற்றடிக்குப் போகிற பாதை எல்லாம் பார்த்தார். நடக்கும்போது கால் தரையோடு ஒட்டினதுபோல் திடீரென்று நின்றுவிடுவது அப்பாவுக்கு எப்போதும் அறை வாசலில்தான். கிளினிக்கின் அகலமான மண்டபத்தில் அது ஒருநாளும் வந்ததில்லை, அதனால் அங்கே யாரும் கண்டதுமில்லை. இவர் அன்றே கால்மிதியை எடுக்கச் சொன்னார். வாசலுக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் சீமெந்துத் தரையில் மஞ்சள் ரேப்பைக் கோடு கோடாக ஒட்டச் சொன்னார். கோட்டைத் தாண்டி வை என்றால் தூக்க மறுத்த கால் தூக்குகிறது. மூளைக்குள் தானாக ஓடும் நடை தடைப்பட்டாலும், கண்ணால் பார்த்து வைக்கும் அடி வேறு வழியால் வரும் என்று விளக்கினார்.

ஒவ்வொரு வகுப்பிலும் முதலில் இரத்த அழுத்தம். இருந்தபடி ஒருக்கால், எழும்பி நின்று ஒருக்கால். இந்த வருத்தத்தில் எழும்பும்போது அழுத்தம் விழுந்து தலை சுற்றுவது வழக்கம் என்பதால், அதைப் பார்க்காமல் தொடங்கவே மாட்டார். பிறகு கதிரையில் இருந்து எழும்புதல், பெரிய அடி, பெரிய கைவீச்சு. "ஐயா, குதிக்கால் முதல்ல. இன்னும் பெரிசா. சத்தமா எண்ணுங்கோ!" அப்பாவின் குரல் இந்த வருத்தத்தோடு உள்ளே போய்விட்டது. எண்ணும்போது மட்டும் பழையபடி வயலுக்குக் கேட்கிற மாதிரி வருகிறது.

யூரியூப்பில் இதெல்லாம் சும்மா கிடைக்குமே என்பவர்களுக்கு ஒன்று சொல்கிறேன். அப்பாவுக்குத் தான் பெரிய அடி வைப்பதாகத்தான் நினைப்பு. வைப்பது அரை அடி. பார்க்கின்சனின் குணமே அது. அதை உடனே கண்டு சொல்ல ஒருவர் வேண்டும். காசு அந்தக் கண்ணுக்குத்தான்.

தூரத்திலிருந்து கவனித்தால் பலன் இருக்குமா? நெதர்லாந்தில் செய்த ஓர் ஆய்வு 2019இல் லான்செட் நியூரோலஜி இதழில் வந்தது. வருத்தம் கடுமையாகாத 130 பேர், 6 மாதம், எல்லோரையும் தூரத்திலிருந்தே கவனித்தார்கள். ஒரு பகுதியினர் வீட்டில் நிலைச் சைக்கிள் மிதித்தார்கள், மற்றவர்கள் தசைகளை நீட்டி மடக்கும் பயிற்சி செய்தார்கள். மருந்து வேலை செய்யாத நேரத்தில் அசைவுக் குறைபாட்டுக்குப் புள்ளி போட்டு அளந்தபோது, சைக்கிள் மிதித்தவர்கள் மற்றவர்களைவிட 4.2 புள்ளி நல்ல நிலையில் இருந்தார்கள். அப்பா இதைக் கேட்டதும் தன் பழைய சைக்கிளை ஸ்ராண்டில் ஏற்றி மிதிக்கப் புறப்பட்டார். பிசியோ அக்கா விடவில்லை. ஆசனம் உயரம், ஏறி இறங்கும்போதுதான் விழுவார்கள் என்றார். இப்போது கதிரைக்கு முன்னால் வைத்து மிதிக்கும் சின்னப் பெடல். நடக்கும்போது ஒட்டுகிற கால் அதில் ஒட்டாமல் சுற்றுகிறது.

குறைகளும் உண்டு. முதல் மாதம் தனி வகுப்பு, அப்புறம் கூட்டு வகுப்பு. ஒரு போன் திரையில் இத்தனை முகம் என்றால் யாருடைய காலை அவர் பார்ப்பார்? கேட்ட பிறகுதான் கிழமைக்கு ஒரு நாள் தனியாகத் தந்தார்கள். கேட்கத் தெரியாதவர்களுக்கு அதுவும் கிடைக்காது. மாரி மழையில் கரண்ட் போய் வகுப்பு நின்றால் மாற்று நாள் தருவதில்லை, காசு மட்டும் முன்கூட்டியே. வன்னிக்குச் சேவை செய்கிறவர்கள் நவம்பர், டிசம்பரை யோசிக்க வேண்டாமா? பயிற்சித் தாள்கள் முழுக்க ஆங்கிலம். அம்மாவுக்காக நான் தமிழில் எழுதிச் சுவரில் ஒட்டியிருக்கிறேன். கட்டணம் பரவாயில்லை. யாழ்ப்பாணத்துக்கு வாகனம் பிடித்துப் போய்வரும் செலவோடு பார்த்தால் குறைவுதான்.

வெளிநாட்டில் இருக்கிறவர்கள் ஒன்றை யோசியுங்கள். திரையில் இருப்பவர் விழப்போவதைக் காணலாம், பிடிக்க முடியாது. எங்கள் வீட்டில் நான் நிற்கிறேன். நான் பிந்தினால் அம்மா. எங்கே நிற்பது, கையைப் பிடித்து இழுக்காமல் இடுப்புப் பட்டியை எப்படிப் பிடிப்பது, கால் ஒட்டினால் அவசரப்படுத்தாமல் நிறுத்தி, உடம்பை இரண்டு பக்கமும் சாய்த்துப் பிறகு அடி எடுக்க வைப்பது எப்படி என்று இந்தச் சேவை எங்கள் இரண்டு பேருக்கும் பழக்கியது. அதற்காகவே நான் இதைப் பரிந்துரைக்கிறேன். ஆனால் வன்னியில் எத்தனையோ வீடுகளில் வயது போனவர் தனியாகத்தான் இருக்கிறார். அப்படியென்றால் கட்டணத்தோடு சேர்த்து, வகுப்பு நேரத்துக்கு வந்து நிற்க அயலில் ஒரு ஆளுக்கும் சம்பளம் பேசுங்கள். முதல் வகுப்பிலிருந்தே அவரும் இருக்கட்டும். ஆள் கிடைக்காவிட்டால் கதிரையில் இருந்து செய்யும் பயிற்சிகளை மட்டும் தரச் சொல்லுங்கள். கேட்டால் தருகிறார்கள்.