மூன்று நிலைக் கணக்குப் பயிற்சித் தாள்கள்

மூன்றாம் வகுப்புக் குழந்தைகளுக்காக நான் வாங்கிய இந்தத் தொகுப்பில், கடன் வாங்கிக் கழித்தலைக் கையாண்டிருக்கும் விதம் மிகவும் நன்று: 52இலிருந்து 27ஐக் கழிக்கும் அதே கணக்கை, முதல் நிலை பத்துக் குச்சிக் கட்டுகளாகப் படம் போட்டு ஒரு கட்டைப் பிரிக்கச் சொல்கிறது, இரண்டாம் நிலை எண்களை மட்டும் தருகிறது, மூன்றாம் நிலையோ விடை 25 என்று சொல்லிவிட்டு, மறைந்திருக்கும் இலக்கத்தைக் கண்டுபிடிக்கச் சொல்கிறது. பெருக்கல் பகுதியில் இந்த அக்கறை இல்லை. அங்கே கடினமான நிலை என்பது 10 கணக்குக்குப் பதிலாக 20 கணக்கு என்றாகிவிட்டது, இது விரைவாக முடிக்கும் குழந்தைக்குத் தண்டனையே தவிரச் சவால் அன்று. தாளின் மூலையில் நிலைக்கேற்ப நட்சத்திரங்களை அச்சிட்டிருப்பதையும் தவிர்த்திருக்கலாம். யாருக்கு எத்தனை என்பதைக் குழந்தைகள் முதல் நாளே எண்ணிவிட்டார்கள். இப்போது மூலையை மறைத்துவிட்டுத்தான் நகலெடுக்கிறேன்.