அட்டிக் இன்சுலேசனுக்கு 3,850 டொலர் கொடுத்து ஏமாந்தோம்: ஒன்ராறியோவில் வீடு வைத்திருப்பவர்கள் கவனிக்கவும்

கூரைக்கும் மேல்மாடி உட்கூரைக்கும் இடையிலுள்ள வெளிதான் அட்டிக்; வெப்பம் வெளியேறாமல் தடுக்க அங்கே நிரப்பும் பொருள்தான் இன்சுலேசன். அளவுகோலுடன் எங்கள் அட்டிக்குக்குள் ஏறி இறங்கியதிலிருந்து ஆத்திரம் அடங்கவில்லை. குளிர்கால எரிவாயுக் கட்டணத்தைக் குறைக்க வழி தேடும் வேறு எவரும் எங்களைப் போல 3,850 டொலரைப் பறிகொடுக்கக் கூடாது என்பதற்காக எழுதுகிறேன்.

ஸ்காபரோவில் எங்களுடையது பழைய வீடு. வீட்டைச் சூடாக்கும் ஃபேர்னஸ் ஓயாமல் ஓடினாலும் மேல்மாடி அறைகள் சூடேறுவதில்லை. அதனால் நவம்பரில், வீட்டு வேலை செய்பவர்களை அறிமுகப்படுத்தும் ஓர் இணையத்தளத்தில் விவரம் பதிந்தேன். மறுநாளே ஓர் இன்சுலேசன் நிறுவனத்திலிருந்து ஒரு தம்பி வந்தார். சப்பாத்தை வாசலில் கழற்றி வைத்து, அம்மாவிடம் எந்த ஊர் என்று விசாரித்து, அவர் கொடுத்த தேநீரைக் குடித்தபடி எங்கள் கட்டணச் சீட்டுகளை ஒவ்வொன்றாகப் புரட்டிப் பார்த்தார். செலுலோஸ் (காகிதத் தூள்) இன்சுலேசனை ஆர்-60 அளவுக்கு (ஆர் என்பது வெப்பத்தைத் தடுக்கும் திறனின் அளவீடு) நிரப்பினால் கட்டணம் மூன்றில் ஒரு பங்கு குறையும் என்றும், வீடுகளில் எரிசக்திச் செலவைக் குறைக்கக் கனடிய மத்திய அரசு தரும் மானியத்தில் (Canada Greener Homes Grant) செலவின் பெரும்பகுதி திரும்பி வந்துவிடும் என்றும் சொன்னார். "அக்கா, என்ர அம்மான்ர வீடு எண்டு நினைச்சுச் செய்து தாறன்" என்றார். அந்த ஒரு சொல்லை நம்பித்தான் வேறு எவரிடமும் விலை கேட்காமல் அன்றிரவே 2,000 டொலரை மின்பரிமாற்றத்தில் அனுப்பினேன். இரண்டு மணி நேரத்தில் வேலை முடிந்தது என்றார்கள். மிகுதி 1,850 டொலரையும் மேலே ஏறிப் பார்க்காமலேயே கொடுத்தேன்.

ஜனவரியில் பனி கொட்டி ஓய்ந்த ஒரு காலையில், அக்கம்பக்கத்துக் கூரைகளெல்லாம் வெண்மையாகக் கிடக்க, எங்கள் கூரையில் மட்டும் பனி திட்டுத்திட்டாக உருகிப் பீலி நெடுகப் பனிக்கட்டி ஈட்டிகளாகத் தொங்கியது. வீட்டு வெப்பம் கூரைவரை ஏறுகிறது என்பதற்கு அதைவிட வேறு சாட்சி வேண்டியதில்லை. செலுலோஸில் ஆர்-60 வர ஏறத்தாழ 16, 17 அங்குல உயரம் வேண்டும். அட்டிக்குக்குள் ஏறும் வாசலைச் சுற்றி அளவுகோல் 17 காட்டியது. ஆறடி தவழ்ந்து போய் அளந்தால் 5 அங்குலம், அதுவும் தூசி படிந்த பழைய இன்சுலேசன். எட்டிப் பார்ப்பவரின் கண்ணுக்குத் தெரியும் தூரத்துக்கு மட்டும் கொட்டியிருக்கிறார்கள். வாசலுக்கு அருகிலிருந்த கூரை விளிம்பில் காற்றுத் துவாரங்களையும் அடைத்துவிட்டதால், ஈரம் வெளியேற வழியின்றி, பலகையிலிருந்து நீட்டிக்கொண்டிருந்த ஆணி முனைகளிலெல்லாம் உறைபனி பூத்திருந்தது. அது உருகினால் உட்கூரை நனையும், பூஞ்சணம் பிடிக்கும்.

படமெடுத்து அந்த நிறுவனத்துக்கு அனுப்பினேன். இன்சுலேசன் நாளடைவில் அமரும் என்று முதலில் பதில் வந்தது. பிறகு, வேலை திருப்தி என்று நான் கையெழுத்திட்டிருப்பதாகச் சொன்னார்கள். அம்மாவின் வீடு என்று சொன்ன அதே தம்பி, தான் இப்போது அங்கு வேலை செய்யவில்லை என்று தொலைபேசியை வைத்துவிட்டார். தாங்கள் அறிமுகப்படுத்துபவர்கள் மட்டுமே என்று இணையத்தளம் இரண்டு வரியில் எழுதியது. மானியத்தைப் பற்றி விசாரித்தபோதோ, அது 2024 தொடக்கத்திலேயே புதிய விண்ணப்பங்களை நிறுத்திவிட்டது என்றும், நடைமுறையில் இருந்த காலத்திலும் வேலைக்கு முன்பே பதிவுபெற்ற ஆலோசகர் வீட்டை மதிப்பிட்டிருக்க வேண்டும் என்றும் தெரியவந்தது. 3,850 டொலர் போய்விட்டது; இம்மாதக் கட்டணம் சென்ற ஆண்டைப் போலவே வந்திருக்கிறது.

விரிவாக ஆலோசனை எழுதவே நினைத்தேன், இப்போது மனம் ஓடவில்லை. மானியம் என்று யார் சொன்னாலும் அரசாங்கத் தளத்தில் நீங்களே பாருங்கள். மூவரிடமாவது விலை கேளுங்கள். ஒன்ராறியோவில் வீட்டில் வைத்துக் கையெழுத்திட்ட ஒப்பந்தத்தை, அதன் பிரதி கிடைத்த 10 நாள்களுக்குள் காரணம் சொல்லாமலேயே ரத்துச் செய்யலாம். அந்த நாள்களைத் தவறவிடாதீர்கள். அட்டிக்கின் நான்கு மூலைகளிலும் அளவுகோல் நிறுத்தி எடுத்த படங்களைப் பார்க்கும்வரை கடைசிப் பணத்தைக் கொடுக்க வேண்டாம்.