மகள் கொண்டுவந்த சோவாவேயும் குன்னூர்ப் பட்டாணியும்

முப்பது வருடம் குன்னூரில் டீ டேஸ்டராக, அதாவது தேயிலையை ருசி பார்த்துத் தரம் சொல்பவனாக, இருந்தவன் நான். 2.8 கிராம் தூள், 140 மில்லி கொதிநீர், 6 நிமிடம். அப்புறம் கரண்டியில் எடுத்துச் சர்ரென்று உறிஞ்சி, நாக்கில் உருட்டி, துப்ப வேண்டும். எதைக் குடித்தாலும் அந்தச் சத்தம் வந்துவிடுகிறது. ஒயினும் தப்பவில்லை. மனைவி முகத்தைச் சுளித்துக்கொண்டு எழுந்து போனாள். துப்பத்தான் மனம் வரவில்லை.

மிலானில் வேலை பார்க்கும் மகள் பொங்கலுக்கு வந்தபோது எடுத்து வந்த வெள்ளை ஒயின் பாட்டில் இது. லேபிளில் ‘சோவாவே கிளாசிகோ’ என்றிருந்தது. இத்தாலியில் வெரோனா நகரத்துக்குக் கிழக்கே சோவாவே என்று ஒரு கோட்டை ஊர். அந்தப் பக்கம் விளையும் கார்கனேகா என்ற திராட்சை குறைந்தது 70 சதவீதம் இருந்தால்தான் இந்தப் பெயரைப் போடலாம். கிளாசிகோ என்றால் பழைய மேட்டுநிலத்துச் சரக்கு, பல இடங்களில் எரிமலை மண். கீழே சமவெளியில் விளைவதும் சோவாவேதான், ஆனால் பெரும்பாலும் நீர்த்திருக்கும் என்றாள் மகள். மலைச் சரக்குக்கும் கீழ்ச் சரக்குக்கும் வித்தியாசத்தை டீக்காரனிடமா சொல்வது!

முதல் வாய் ஏமாற்றம். ஃப்ரிட்ஜிலிருந்து எடுத்த கையோடு ஊற்றியதால் வாசனையே இல்லை, வெறும் புளிப்புத் தண்ணீர். கிளாஸை அரை மணி நேரம் சமையலறை மேடையில் வைத்தேன். ஜனவரிக் குளிரில் எங்கள் சமையலறையே அளவான ஃப்ரிட்ஜ்தான். இப்போது எலுமிச்சைத் தோலும், நம் ஊர்ப் பேரிக்காயை நறுக்கியது போன்ற மணமும் எழுந்தன. விழுங்கிய பிறகு அடிநாக்கில் மெல்லிய கசப்பு. அது என்ன என்று நான் யோசித்துக்கொண்டிருக்க, குடிக்காத மனைவி கிளாஸை மோந்துவிட்டு, “தோலோட ஊறவெச்ச பாதாம்ங்க” என்றாள். முப்பது வருட அனுபவம் தோற்றது. இந்த ஒயினைப் பற்றி எழுதுகிறவர்களும் பாதாம் என்றுதான் சொல்கிறார்களாம்.

அந்தக் கசப்புதான் இதன் விசேஷம். உறைபனிக் காலத்துத் தேயிலையிலும் மணம் முன்னால் வரும், துவர்ப்பு பின்னால் வந்து வாயைக் கழுவிவிடும். இதுவும் அப்படித்தான். சாப்பாட்டோடு குடித்தால்தான் புரியும்.

எந்தச் சாப்பாடு என்பதில் முதல் நாளே சறுக்கினேன். டவுனில் ஒரு ஹோட்டலிலிருந்து பெப்பர் சிக்கன் வாங்கி வந்தேன். பச்சை மிளகாயும் சேர்ந்த காரம். ஆல்கஹால் பட்டதும் காரம் இரண்டு மடங்கானது, ஒயினின் மணம் செத்துப்போய் வெறும் சாராய எரிச்சல்தான் மிஞ்சியது. மிளகாய் தூக்கலான எதோடும் இதைத் திறக்காதீர்கள்.

மறுநாள் மார்க்கெட்டில் வஞ்சிரம் நன்றாக இருந்தது. மசாலா இல்லை. உப்பு, கொஞ்சம் வெண்ணெய், மேலே எலுமிச்சை பிழிந்து வறுத்தது. பொருத்தம் என்றால் அது பொருத்தம், மீன் வாடையை ஒவ்வொரு வாயும் துடைத்துக்கொண்டே போனது.

மூன்றாம் நாள் மகள் வெனிஸ் பக்கத்துச் சமையல் ஒன்று செய்தாள். ‘ரீசி எ பீசி’, அதாவது அரிசியும் பட்டாணியும் குழைய வெந்தது. எங்கள் ஊர்ப் பச்சைப் பட்டாணி, அன்று காலையில் உரித்தது. சீஸ் துருவல் போட்ட வெண்பொங்கல் என்று வைத்துக்கொள்ளுங்கள். பட்டாணியின் இனிப்பும் ஒயினின் கசப்பும் ஒன்றையொன்று இழுத்துப் பிடித்தன. பாட்டிலில் மிச்சம் இருந்ததெல்லாம் அதில்தான் காலி. வர்க்கியையும் கடித்துப் பார்த்தேன். வேண்டாம், அது டீக்குத்தான்.

மகளுக்கு அங்கே 11 யூரோ ஆனதாம். இங்கே வரியெல்லாம் ஏறிய விலைக்கு நான் வாங்கமாட்டேன். அடுத்த முறை இரண்டு பாட்டில் எடுத்து வரச் சொல்லியிருக்கிறேன், பட்டாணி மலிவாக இருக்கும் மாதமாகப் பார்த்து.