டேர்ம் பாலிசியோடு ரைடரா, தனி கிரிட்டிகல் இல்னஸ் பாலிசியா? எங்கள் குடும்பத்துக்கு எடுத்த முடிவு

சின்னப் பிள்ளைகள் இருக்கிற வீட்டில் சம்பாதிக்கிறவர் பெயரில் டேர்ம் இன்சூரன்ஸ் (குறிப்பிட்ட காலத்துக்குள் இறந்தால் மட்டும் குடும்பத்துக்குப் பணம் தருகிற ஆயுள் காப்பீடு) வேண்டும் என்பதில் பேச ஒன்றுமில்லை. சேமிப்பும் சேர்ந்த எண்டோவ்மென்ட், மணிபேக் பாலிசியெல்லாம் இந்த ஒப்பீட்டில் வரவே வராது. அதே பிரீமியத்துக்கு டேர்ம் தருகிற தொகையில் ஒரு சிறு பங்குதான் அவற்றில் கிடைக்கும். நாங்கள் ரொம்ப நாள் யோசித்தது அதற்கு அடுத்த கேள்விக்காக. கேன்சர், மாரடைப்பு, பக்கவாதம் மாதிரி பெரிய நோய் வந்து ஆள் பிழைத்துக்கொண்டால் வீடு எப்படி ஓடும்? அதற்கான கிரிட்டிகல் இல்னஸ் காப்பீட்டை டேர்மிலேயே ரைடராக, அதாவது கூடுதல் பிரீமியம் கட்டி இணைக்கிற துணைக் காப்பீடாக, சேர்ப்பதா, தனிப் பாலிசியாக எடுப்பதா? தனிப் பாலிசி பக்கம் சாய்ந்தவன் நான், அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

எங்கள் நிலைமையைச் சொன்னால்தான் காரணம் புரியும். கேரள-தமிழ்நாடு எல்லையில் கொழிஞ்சாம்பாறைப் பக்கம் வீடு. சொந்த வண்டியில் வேலந்தாவளம் மார்க்கெட்டிலிருந்து காய்கறி ஏற்றிக் கோவைக்கும் பாலக்காட்டுக்கும் ஓட்டுகிறேன். மனைவி மாடு வைத்து சொசைட்டிக்குப் பால் ஊற்றுகிறார். கம்பெனி குரூப் இன்சூரன்ஸ் கிடையாது, மெடிக்கல் லீவ் கிடையாது. நான் படுத்தால் வண்டி நின்றுவிடும், வண்டிக் கடன் தவணை நிற்காது. கேரள அரசின் காருண்யா ஆரோக்ய சுரக்ஷா திட்டத்தில் இருக்கிற குடும்பத்துக்கு ஆண்டுக்கு 5 லட்சம் வரை மருத்துவமனைச் செலவு கிடைக்கும், நல்ல திட்டம். ஆனால் அது மருத்துவமனைக்குப் போகிற பணம், தவணைக்கும் பள்ளிக் கட்டணத்துக்கும் ஆகாது. கிரிட்டிகல் இல்னஸ் பாலிசி பில் பார்த்துத் தருவதில்லை. பாலிசியில் சொன்ன நோய் உறுதியானால் மொத்தத் தொகையும் நம் கணக்குக்கு வரும், எதற்கு வேண்டுமானாலும் செலவழிக்கலாம்.

ரைடரில் நல்லதும் உண்டு. ஒரே விண்ணப்பம், ஒரே மெடிக்கல் டெஸ்ட், ஒரே தேதியில் பிரீமியம். இளம் வயதில் விலையும் குறைவாகவே தெரியும். பெரிய தொகை வேண்டாம், நிர்வாகம் சுலபமாக இருந்தால் போதும் என்கிறவர்களுக்கு அது சரிதான். ஆனால் ரைடர் பிரீமியம் அடிப்படைப் பாலிசியின் பிரீமியத்தைத் தாண்டக் கூடாது என்று விதி இருக்கிறது. முப்பது வயதில் டேர்ம் பிரீமியமே குறைவு என்பதால், ரைடரில் நமக்கு வேண்டிய தொகை கிடைக்காமல் போகலாம்.

என் முடிவை நிர்ணயித்தது வேறு ஒன்று. நோய்க்குப் பணம் வந்த மறுநாள் அந்த டேர்ம் பாலிசி என்ன நிலையில் இருக்கும்? இந்தக் கேள்வியை ஏஜென்ட் யாரும் தாமாக எடுத்துச் சொல்வதில்லை, நாம்தான் கேட்க வேண்டும். ரைடரில் இரண்டு வகை. ஆக்ஸிலரேட்டட் என்கிற வகையில், நோய்க்குக் கொடுக்கிற பணம் இறப்புத் தொகையிலிருந்து முன்கூட்டியே எடுத்துக் கொடுப்பது. 50 லட்சத்துக்கு டேர்ம், அதில் 20 லட்சத்துக்கு இந்த ரைடர் என்று வைத்துக்கொள்ளுங்கள். கேன்சர் உறுதியாகி 20 லட்சம் வாங்கிவிட்டால் பிறகு குடும்பத்துக்கு மிச்சம் 30 லட்சம்தான். அந்த 20 லட்சம் சிகிச்சைக் காலத்திலேயே கரைந்துவிடும். அதன்பின் இரண்டு மூன்று வருஷத்தில் நோய் திரும்பி ஆள் போய்விட்டால் மனைவி கையில் வருவது 30. குறைந்துபோன அந்த 20 லட்சத்துக்குப் புதிதாக டேர்ம் எடுத்து ஈடுகட்டலாமே என்றால், கேன்சர் வந்தவருக்குப் புது டேர்ம் கிடைப்பது மிகவும் கஷ்டம். அதாவது இறக்கும் வாய்ப்பு கூடின பிறகு காப்பீடு குறைகிறது. விலை மலிவாக இருப்பதற்கு இதுவும் ஒரு காரணம்.

இரண்டாவது வகையில் நோய்த் தொகை தனி, இறப்புத் தொகை அப்படியே இருக்கும். ரைடர்தான் எடுப்பேன் என்றால் இதைத்தான் எடுக்க வேண்டும். பாலிசிப் பத்திரத்தில் எந்த வகை என்று எழுத்தில் பார்க்காமல் கையெழுத்துப் போடாதீர்கள். இந்த வகை கிடைத்தும் நான் தனிப் பாலிசிக்குப் போனதற்கு மனைவியும் ஒரு காரணம். ரைடர் யார் பெயரில் டேர்ம் இருக்கிறதோ அவருக்கு மட்டும்தான். பால் வருமானத்துக்குக் கணக்குக் காட்ட முடியாததால் மனைவிக்குப் பெரிய டேர்ம் கிடைக்கவில்லை. ஆனால் அவர் ஆறு மாதம் படுத்தாலும் மாட்டையும் பிள்ளைகளையும் பார்க்க ஆள் வைக்க வேண்டும், நான் பாதி நாள் வண்டி எடுக்க முடியாது. தனிப் பாலிசி என்பதால் அவர் பெயரிலும் ஒன்று எடுக்க முடிந்தது. நான்கூட இனி டேர்ம் கம்பெனியை மாற்ற நினைத்தால் நோய்க் காப்பீட்டைத் தொட வேண்டியதில்லை.

அதே கேள்வியின் இன்னொரு பக்கம் பிரீமியம். வருமானம் நின்ற காலத்தில் டேர்ம் பிரீமியத்தை யார் கட்டுவது? கடைசித் தேதிக்குப் பிறகு ஆண்டுக் கட்டணத்துக்கு 30 நாள் சலுகை, மாதக் கட்டணத்துக்கு 15 நாள். அதற்குள் கட்டாவிட்டால் பாலிசி காலாவதி. பிறகு உயிர்ப்பிக்கலாம்தான், ஆனால் கம்பெனி உடல்நலச் சான்று கேட்கும், கீமோ எடுத்துக்கொண்டிருப்பவர் எந்தச் சான்றைக் கொடுப்பார்? அதனால் பெரிய நோய் வந்தால் மேற்கொண்டு பிரீமியம் வேண்டாம் என்கிற வேவர் வசதியை மட்டும் டேர்மில் சேர்த்துக்கொண்டோம். எனக்கு அது அவசியமாகப் பட்டது.

நோய்களின் எண்ணிக்கையைப் பார்த்து மயங்க வேண்டாம். 22 பெரிய நோய்களுக்குக் காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையமான ஐஆர்டிஏஐ ஒரே மாதிரியான வரையறை வைத்திருக்கிறது. ஆரம்ப நிலையில் இருக்கிற இன்-சிட்டு கேன்சர் அந்த வரையறைக்குள் வராது. பக்கவாதத்துக்கு நிரந்தரப் பாதிப்பு மூன்று மாதத்துக்கு மேல் இருக்க வேண்டும். இதய ரத்தக்குழாய் அடைப்புக்கு ஸ்டென்ட் வைப்பதற்குப் பல பாலிசிகளில் முழுத் தொகை கிடைக்காது. முதல் 90 நாளில் வருகிற நோய்க்கும் பெரும்பாலும் பணம் இல்லை. நோய் உறுதியான பின் ஆள் குறிப்பிட்ட நாள், பல பாலிசிகளில் 30 நாள், உயிரோடு இருக்க வேண்டும் என்றும் நிபந்தனை இருக்கும்.

தனிப் பாலிசியின் பலவீனம் பிரீமியம் ஏறுவது. உடல்நலக் காப்பீட்டுக் கம்பெனியில் ஆண்டுதோறும் புதுப்பிக்கிற வகை என்றால் வயது ஏற ஏறக் கட்டணமும் ஏறும். இப்போது எனக்குச் சுமையாக இல்லை, ஐம்பது தாண்டி எப்படி இருக்கும் என்பதை அந்த வயதில் இருப்பவர்களைத்தான் கேட்க வேண்டும். சின்னவள் படித்து முடிக்கிற வரை வைத்திருப்போம், பிறகு பார்ப்போம் என்பது எங்கள் கணக்கு. கிளெய்ம் அனுபவமும் எங்களுக்கு இல்லை, அதனால் எந்தக் கம்பெனி சீக்கிரம் தரும் என்று என்னிடம் கேட்காதீர்கள். தனிநபர் ஆயுள், உடல்நலப் பாலிசிகளுக்கு 2025 செப்டம்பர் 22 முதல் 18 சதவீத ஜிஎஸ்டி இல்லாமல் போனது இரண்டு பக்கத்துக்கும் லாபம்.

அப்புறம், என்னைப் போல வண்டிக்கடன், தொழில்கடன் உள்ளவர்கள் டேர்ம் எடுக்கும்போதே 1874-ஆம் ஆண்டு திருமணமான பெண்கள் சொத்துச் சட்டத்தின் கீழ் எடுக்கலாம். அப்படி எடுத்தால் இறப்புத் தொகை மனைவிக்கும் பிள்ளைகளுக்கும் உரியது, கடன்காரர்கள் அதில் கை வைக்க முடியாது. விண்ணப்பிக்கும்போதே இதைச் சொல்ல வேண்டும்.

எல்லைப் பக்கத்துக்காரர்களுக்கு ஒன்று. ஆதார் கேரளத்தில், பாலிசி வாங்குவது கோவைக் கிளையில் என்பதால் மட்டும் கிளெய்முக்குப் பிரச்சினை வராது. கம்பெனி மறுத்தால் காப்பீட்டுக் குறைதீர்ப்பாளரிடம் போகலாம், கட்டணம் கிடையாது. வீட்டு முகவரியை வைத்துக் கொச்சியிலும் புகார் கொடுக்கலாம், கிளையை வைத்துச் சென்னையிலும் கொடுக்கலாம். கொச்சி நமக்குப் பக்கம்.