டாட்சன் 240இசட்: புதுப்பித்ததா, பழையபடியே உள்ளதா?

1969இல் அறிமுகமாகி அமெரிக்கச் சந்தையைக் கவர்ந்த டாட்சன் 240இசட் காரை வாங்க விரும்புவோர், முழுமையாகப் புதுப்பித்ததை வாங்குவதா, கைபடாத பழையதை வாங்குவதா என்று தயங்குகிறார்கள்.

விலை: புதுப்பித்ததற்கு எடுத்தவுடனே பெருந்தொகை வேண்டும். பழையது மலிவு, ஆனால் தகர வேலையும் பெயின்டும் அந்த வித்தியாசத்தை விழுங்கிவிடக்கூடும்.

உறுதி: இந்தக் காரின் தீராப் பகை துரு. பழையதில் பேட்டரித் தட்டின் அடியிலும் தரைத்தகட்டிலும் அது கண்ணுக்கே தெரியும். புதுப்பித்ததிலோ பளபளக்கும் பெயின்டுக்குள் பட்டி பூசி மறைத்திருக்கலாம் என்பதால், வேலையின் ஒவ்வொரு கட்டப் புகைப்படத்தையும் கேட்டு வாங்குங்கள். கதவின் கீழ்விளிம்பில் சிறு காந்தம் ஒட்டுகிறதா என்றும் பாருங்கள்; தகட்டில் ஒட்டும் காந்தம் தடித்த பட்டியின் மேல் ஒட்டாது.

பராமரிப்பு: இரண்டிலும் அதே 2,393 சிசி ஆறு சிலிண்டர் எஞ்சின், பெட்ரோலையும் காற்றையும் கலக்கும் இரட்டைக் கார்புரேட்டர் என்பதால், இந்த அமைப்பில் வித்தியாசம் இல்லை.

உடனே ஓட்ட நினைப்பவருக்குச் சான்றுகளுடன் புதுப்பித்தது பொருந்தும். வெல்டிங்கும் பொறுமையும் கைவந்தவருக்குப் பழையதே நல்லது.