போலோன்யாவில் போட்டது ஒரே கையெழுத்து, சட்டப் படிப்போ மூன்று விதம்

1999 ஜூன் 19 அன்று இத்தாலியின் போலோன்யாவில் ஓர் உயர்கல்விப் பிரகடனத்தில் 29 ஐரோப்பிய நாடுகள் கையெழுத்துப் போட்டன. படிப்பு இளங்கலை, முதுகலை என்று படிப்படியாக இருக்க வேண்டும், ஒரு நாட்டில் வாங்கிய கிரெடிட் (படித்த பாடத்தின் அளவைக் காட்டும் புள்ளி) இன்னொரு நாட்டிலும் செல்ல வேண்டும் என்பது ஏற்பாடு. வருடத்துக்கு 60 கிரெடிட் என்பது கணக்கு. இயற்பியல் மாணவருக்கு இதில் சிக்கல் இல்லை. புவியீர்ப்பு எல்லா ஊரிலும் ஒன்றுதான். சட்டம் அப்படியா? எல்லை தாண்டினால் பாடப்புத்தகமே வேறு.

நெதர்லாந்து அதிகம் அலட்டிக்கொள்ளவில்லை. 3 வருட இளங்கலை, 1 வருட முதுகலை, மொத்தம் 240 கிரெடிட். ஆனால் பொடி எழுத்தில் ஒன்று இருக்கிறது: வழக்கறிஞராக வேண்டுமானால் குறிப்பிட்ட டச்சுச் சட்டப் பாடங்களைப் படித்திருக்க வேண்டும். அப்புறம் 3 வருடம் பயிற்சி வழக்கறிஞராக இருக்க வேண்டும்.

இத்தாலி 2001-இல் 3+2 என்று பிரித்துப் பார்த்தது. 3 வருடப் பட்டத்தை வைத்துக்கொண்டு வக்கீலாக முடியாது, நீதிபதியாகவும் முடியாது. 2006-லேயே 5 வருட ஒரே படிப்புக்குத் திரும்பிவிட்டார்கள். தப்பு என்று தெரிந்ததும் சட்டென்று பின்வாங்கியதற்காக அவர்களைப் பாராட்டத்தான் வேண்டும்.

ஜெர்மனி சட்டப் படிப்பை இந்த ஏற்பாட்டில் சேர்க்காமல் தனியே ஒதுக்கி வைத்துக்கொண்டது. அங்கே படிப்பின் முடிவில் வரும் முதல் தேர்வில் 70 சதவீதம் அரசு நடத்துவது, 30 சதவீதம்தான் பல்கலைக்கழகத்துடையது. ஒவ்வொரு எழுத்துத் தேர்வும் 5 மணி நேரம். செங்கல் பருமனுள்ள சிவப்புச் சட்டத் தொகுப்பை மேசையில் வைத்துக்கொண்டு எழுதலாம். புத்தகம் கையில் இருந்தும் 18-க்கு 9 வாங்கிவிட்டால் தலைநிமிர்ந்து நடக்கலாம் என்ற நிலைமை. விரிவுரை இலவசமாகக் கிடைத்தும் மாணவர்கள் காசு கொடுத்துத் தனியார் டியூஷனுக்கு ஓடுகிறார்கள். தேறினால் 2 வருடப் பயிற்சி, பிறகு இரண்டாவது அரசுத் தேர்வு. அதைத் தாண்டியவர் நீதிபதி, வழக்கறிஞர் எந்த வேலைக்கும் தகுதியானவர். அந்த வகையில் இந்த முறைக்கு நிகரில்லை. ஆனால் பல வருடம் படித்துவிட்டு முதல் தேர்வில் கடைசி வாய்ப்பிலும் கோட்டை விட்டவருக்குப் பல இடங்களில் மிஞ்சுவது பள்ளிச் சான்றிதழ்தான். இது தரம் அல்ல, கொடுமை.

சரி, எல்லை தாண்டுவோருக்கு என்ன நடக்கிறது? போலந்தில் சட்டம் படித்த கிஷிஷ்டோஃப் பெஷ்லா, ஒடர் நதிக்கரை ஃபிராங்ஃபுர்ட்டில் ஜெர்மன்-போலிஷ் சட்டமும் படித்தவர். ஜெர்மனியில் அந்த 2 வருடப் பயிற்சியில் சேர விண்ணப்பித்தார், மறுத்துவிட்டார்கள். வழக்கு ஐரோப்பிய நீதிமன்றம் வரை போனது. 2009 டிசம்பரில் வந்த தீர்ப்பு: அவரிடம் உள்ள அறிவை எடைபோட்டுப் பார்க்கத்தான் வேண்டும், ஆனால் ஜெர்மன் சட்டம் உள்ளூர் மாணவர் அளவுக்கே தெரிந்திருக்க வேண்டும் என்று கேட்கவும் உரிமை உண்டு. கிரெடிட் கணக்கு எல்லையைத் தாண்டும், அதற்காகக் கோர்ட்டில் வாதாட விட்டுவிட மாட்டார்கள்.

என்னைக் கேட்டால், மூன்றில் எதையும் அப்படியே எடுக்க மாட்டேன். ஹாம்பர்க்கின் புசேரியுஸ் சட்டக் கல்லூரி 2000-இல் தொடங்கியதிலிருந்தே இளங்கலைப் பட்டத்தையும் அரசுத் தேர்வையும் சேர்த்தே வைத்திருக்கிறது. இப்போது ஜெர்மனியின் சில மாநிலங்களும் படிப்பின் நடுவிலேயே இளங்கலைப் பட்டம் கொடுக்கத் தொடங்கியுள்ளன. அதை வைத்து நீதிமன்றத்தில் வாதாட முடியாதுதான். ஆனால் தேர்வில் தோற்றவர் ஒரு நிறுவனத்தில் வேலை கேட்கவோ, வேறு ஊரில் முதுகலை சேரவோ அது போதும்.